ஓர் எண்ணின் பயணம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இரண்டு கணிப்பொறிகளை ஒரு கம்பியால் இணைத்துவிட்டால் செய்தி தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இயற்பியல் பயில்வோர் சற்றே நின்று சிந்தித்தால் அது அத்துணை எளிதன்று என்பது விளங்கும். கம்பிக்குத் தெரிந்த செயல் ஒன்றே. ஒரு முனையில் மின்னழுத்தத்தை மாற்றினால், மிகச் சிறிது நேரங்கழித்து மறுமுனையில் அம்மாற்றம் தோன்றும். எழுத்து, எண், பெயர், விலை எதையும் கம்பி அறியாது. அங்ஙனமாயின் நாம் அனுப்பும் செய்தி மறுமுனையில் செய்தியாகவே எழுந்து வருவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கட்டுரை முழுவதும் அதனுடனேயே செல்வோம். ஒரு சர்க்கரை ஆலையின் வாயிலில் லாரி எடைமேடை இருக்கிறது. கரும்பு ஏற்றிய லாரி அதன்மேல் ஏறி நிற்கிறது. எடைக்கருவி 12340 கிலோகிராம் என்று காட்டுகிறது. இந்த ஐந்து இலக்கங்கள் முதலில் ஒரு சீரியல் கம்பி வழியாக எடையறையிலுள்ள கணிப்பொறிக்குச் செல்கின்றன. அங்கிருந்து ஈதர்நெட் கம்பி வழியாக அலுவலகக் கணிப்பொறிக்குச் சென்று கணக்கில் ஏறுகின்றன என்று கொள்வோம். எடைக்கருவியிலிருந்து கணக்கு வரை அந்த எண் பிழையின்றிச் சேர வேண்டுமானால், வழியெங்கும் நான்கு கேள்விகளுக்கு விடை இருந்தாக வேண்டும். செய்தி எப்போது தொடங்குகிறது? எங்கே முடிகிறது? யாருக்கு உரியது? பழுதின்றி வந்ததா?

சீரியல் இணைப்பு

கணிப்பொறிக்கு எல்லாம் 0, 1 என்னும் இரண்டு குறிகளே. இக்குறி ஒவ்வொன்றும் ஒரு பிட் எனப்படும். 1963-இல் முதன்முதலாக வெளியான ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் இலக்கத்துக்கும் 7 பிட் கொண்ட ஓர் எண் உண்டு. '2' என்னும் இலக்கத்தின் எண் 50. அதனை இரும எண்ணாக எழுதினால் 0110010. இந்தப் பிட்டுகளை ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில் நிற்பவர்கள் வாயிலைக் கடப்பதுபோல, அனுப்புவதே சீரியல் முறை.

1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 என்னும் தரவிதி இதற்கு அடிப்படை. பெறுமுனையில் −3 முதல் −15 வோல்ட் வரை இருந்தால் அது 1. +3 முதல் +15 வோல்ட் வரை இருந்தால் அது 0. இடையிலுள்ள பகுதிக்குப் பொருள் கிடையாது. கம்பி சும்மா இருக்கும்போது 1 என்னும் நிலையிலேயே இருக்கும்.

இனி முதற்கேள்விக்கு வருவோம். சும்மா இருக்கும் கம்பியும் தொடர்ந்து 1 அனுப்பும் கம்பியும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 0 என்னும் ஒரு தொடக்கப் பிட் அனுப்பப்படுகிறது. கம்பியின் அழுத்தம் எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிக்கு ஏறிய அக்கணமே, "இதோ வருகிறது" என்று பெறும் கருவி தன் கடிகாரத்தைத் தொடங்குகிறது. பின்னர் தரவுப் பிட்டுகள், சிறியதிலிருந்து பெரியதாக, 0, 1, 0, 0, 1, 1, 0 என்று வருகின்றன. இறுதியில் 1 என்னும் நிறுத்தப் பிட் வந்து கம்பியை மீண்டும் ஓய்வு நிலைக்குக் கொண்டுவருகிறது.

இரண்டு முனைகளிலும் தனித்தனிக் கடிகாரங்கள் உள்ளன. அவற்றை இணைக்கும் கம்பி வேறு இல்லை. விநாடிக்கு எத்தனைக் குறிகள் என்பதை முன்னரே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வேகத்தின் அலகு 'பாட்'. தந்தி முறையை மேம்படுத்திய பிரெஞ்சுப் பொறியாளர் எமில் பாடோ அவர்களின் பெயரால் அமைந்தது அது. 9600 பாட் என்றால் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 104 மைக்ரோ விநாடி.

இக்கடிகாரங்கள் எவ்வளவு வேறுபடலாம்? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். பெறும் கருவி ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுவில் பார்க்கிறது. தொடக்கப் பிட், 8 தரவுப் பிட்டுகள், நிறுத்தப் பிட் என மொத்தம் 10 பிட் கொண்ட ஓர் எழுத்தில், கடைசிப் பிட்டின் நடு, தொடக்கத்திலிருந்து 9.5 பிட் தூரத்தில் உள்ளது. அதற்குள் பிழை அரைப் பிட்டைத் தாண்டினால் பக்கத்துப் பிட்டைப் படிக்க நேரிடும். 0.5-ஐ 9.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5 சதவீதம். இரு கடிகாரங்களும் சேர்ந்து இவ்வளவு வேறுபட்டாலும் செய்தி பிழைத்துவிடும். ஒவ்வோர் எழுத்திலும் தொடக்கப் பிட் வந்து கடிகாரத்தைத் திருத்திவிடுவதால் பிழை அடுத்த எழுத்துக்குச் சேர்வதில்லை. விலை மலிந்த கருவிகளிலும் இம்முறை இன்றளவும் நின்று நிலைப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு பிட்டின் விலை

எடைமேடைக் கம்பியின் அருகே ஒரு பெரிய மோட்டார் ஓடத் தொடங்குகிறது. அதன் தூண்டலால் கம்பியில் ஒரே ஒரு பிட் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். '2' என்பதன் வடிவம் 0110010. '0' என்பதன் வடிவம் 0110000. வேறுபாடு ஒரே பிட். அந்தப் பிட் விழுந்துவிட்டால் 12340 என்பது 10340 ஆகிறது. இரண்டாயிரம் கிலோ, அதாவது இரண்டு டன் கரும்பு, கம்பியிலேயே மறைந்துவிட்டது. காலி வண்டியின் எடையைக் கழித்த பின்னரும் இந்தக் குறைவு அப்படியே நிற்கும்.

என் தந்தையார் கரும்பு வெட்டும் தொழிலாளி. வெட்டுக்கூலி டன் கணக்கில் கொடுக்கப்படுவது. இரண்டு டன் என்பது ஒரு குழுவினர் வெயிலில் குனிந்து நின்ற நேரம். ஆகவே பிழை கண்டறிதல் என்னும் பாடம் எனக்கு வெறும் தேர்வுப் பாடமாகத் தோன்றவில்லை.

இதற்கு மிகப் பழைய காவல் பாரிட்டி பிட். தரவில் உள்ள 1-களை எண்ணி, மொத்தம் இரட்டைப்படையாக வருமாறு ஒரு பிட்டைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 0110010-இல் மூன்று 1-கள் உள்ளன. எனவே பாரிட்டி பிட் 1. தரவு 0110000 என்று மாறி வந்தால், பாரிட்டியையும் சேர்த்து மூன்று 1-கள் இருக்கும். ஒற்றைப்படை, பிழை பிடிபட்டது. ஆனால் இரண்டு பிட்டுகள் சேர்ந்தாற்போல் மாறினால்? 0110010 என்பது 0110001 ஆனால் அது '1' என்னும் இலக்கம். 1-களின் எண்ணிக்கை மாறவில்லை. 12340 என்பது 11340 ஆகிவிட்டது. பாரிட்டி வாய் திறக்காது. ஒற்றைக் காவலாளி ஒரு வாசலைத்தான் பார்க்க முடியும்.

'முற்றும்' என்னும் சொல்

இரண்டாம் கேள்வி, செய்தி எங்கே முடிகிறது என்பது. நம் எடைக்கருவி ஐந்து இலக்கங்களுக்குப் பின் 13 என்னும் குறியை அனுப்பி 'வரி முடிந்தது' என்று சொல்லிவிடுகிறது. இலக்கங்களில் 13 என்னும் குறி வாராது. ஆனால் படமோ, ஒலியோ, வேறு கணிப்பொறித் தரவோ அனுப்பும்போது 0 முதல் 255 வரை எந்த எண்ணும் வரலாம். கதையின் முடிவில் 'முற்றும்' என்று போடுகிறோம்; கதைக்குள்ளேயே ஒரு பாத்திரம் 'முற்றும்' என்று சொன்னால் படிப்பவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடக் கூடாதல்லவா?

1988-இல் ஜான் ராம்கி என்பவர் எழுதி வெளியான ஆர்.எஃப்.சி. 1055 என்னும் ஆவணம், இணையத் தரவுப் பொட்டலங்களைச் சீரியல் கம்பியில் அனுப்பும் 'ஸ்லிப்' என்னும் முறையை விவரிக்கிறது. அதன் விதிகளை விரல்விட்டு எண்ணலாம்.

(1) பொட்டலம் முடிந்ததும் 192 என்னும் பைட்டை அனுப்புக.
(2) தரவுக்குள் 192 வந்தால், அதற்குப் பதிலாக 219, 220 என்னும் இரண்டு பைட்டுகளை அனுப்புக.
(3) தரவுக்குள் 219 வந்தால், அதற்குப் பதிலாக 219, 221 அனுப்புக.

10, 192, 219, 7 என்னும் நான்கு பைட்டுகளை அனுப்ப வேண்டும் என்போம். கம்பியில் செல்வது: 10, 219, 220, 219, 221, 7, 192. மறுமுனையில் 219-ஐக் கண்டதும் அடுத்த பைட்டைப் பார்த்துப் பழைய எண்ணை மீட்டுக்கொள்வார்கள். தனித்து நிற்கும் 192 ஒன்றே முடிவு. காகிதமும் பென்சிலும் போதும். யாரும் செய்து பார்க்கலாம்.

ஆயினும் ஸ்லிப் முறையில் யாருக்கு என்னும் முகவரி கிடையாது. பழுது பார்க்கும் வழியும் கிடையாது. இக்குறைகளை அந்த ஆவணமே வரிசைப்படுத்திச் சொல்லிவிடுகிறது. 1994-இல் ஆர்.எஃப்.சி. 1661 வழியாக நிலைபெற்ற பி.பி.பி. என்னும் முறை பிழைகாணும் எண்ணையும் பொட்டலத்தின் வகையையும் சேர்த்துக்கொண்டது.

ஈதர்நெட்

எடைமேடைக்கும் எடையறைக்கும் இடையே பேசுவோர் இருவரே. ஆதலால் யாருக்கு என்னும் மூன்றாம் கேள்வி அங்கு எழவில்லை. எடையறையைத் தாண்டி அலுவலகத்துக்குள் நுழைந்தால் பல கணிப்பொறிகள் உள்ளன. ஒவ்வொரு இணைக்கும் தனிக்கம்பி என்றால், 20 கணிப்பொறிகளுக்கு 190 கம்பிகள் தேவைப்படும். ஒரே கம்பியில் எல்லோரும் பேச வழி உண்டா?

இதற்கான வித்து ஹவாய்த் தீவுகளில் விழுந்தது. நார்மன் ஆப்ரம்சன் தலைமையில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 1971-இல் இயங்கத் தொடங்கிய அலோஹாநெட், தீவுகளிலிருந்த கணிப்பொறி முனைகளை வானொலி அலையால் இணைத்தது. அனுப்ப வேண்டியவர் அனுப்பிவிடுவார். இருவர் அலைகள் மோதி விடை வாராவிட்டால், குறிப்பற்ற ஒரு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்புவார். கோட்பாட்டின்படி இம்முறையில் அலைவழியின் திறனில் ஏறத்தாழ 18 சதவீதமே பயன்படும்.

இதனை ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1973 மே 22-ஆம் நாள் ஒரு குறிப்பில் 'ஈதர்நெட்' என்னும் பெயரை எழுதினார். ஒளி பரவ ஊடகமாக அண்டமெங்கும் ஈதர் நிறைந்துள்ளது என்று 19-ஆம் நூற்றாண்டு இயற்பியலார் நம்பியதும், 1887-இல் மைக்கேல்சன், மார்லி இருவரின் சோதனை அதற்குச் சான்று காணாததும் நாம் அறிந்தவை. இயற்பியல் கைவிட்ட சொல்லை கணிப்பொறித் துறை எடுத்துக்கொண்டது. மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய முதல் ஈதர்நெட் விநாடிக்கு 29.4 இலட்சம் பிட் அனுப்பியது. 1980-இல் அது 1 கோடி பிட் வேகத்தில் தொழில்தரம் பெற்றது. மெட்காஃபுக்கு 2022-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது.

அதன் நெறி ஊர்க்கூட்டத்தில் பேசும் நெறியை ஒத்தது. பேசுமுன் கேள், பிறர் பேசிக்கொண்டிருந்தால் பொறு. பேசும்போதும் கேள், இருவர் குரலும் மோதினால் இருவரும் நிறுத்துக. பின்னர் குறிப்பற்ற நேரம் காத்திருந்து பேசுக. மீண்டும் மீண்டும் மோதினால் காத்திருக்கும் எல்லையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக. 16 முறை முயன்றும் மோதினால் அம்முயற்சியைக் கைவிடுக.

இங்கே இயற்பியல் ஒரு கட்டுப்பாடு விதிக்கிறது. கம்பியின் ஒரு முனையிலுள்ளவர் பேசத் தொடங்குகிறார். அவர் குரல் மறுமுனையை எட்டுவதற்குச் சற்று முன் அங்குள்ளவரும் தொடங்கிவிடுகிறார். மோதிய செய்தி முதலாமவருக்குத் திரும்பி வரும்வரை அவர் பேசிக்கொண்டிருக்க வேண்டும். முன்னரே முடித்துவிட்டால் மோதியதையே அறியமாட்டார். தரவிதி அனுமதித்த மிகப் பெரிய தொலைவு 2500 மீட்டர். கம்பியில் அலையின் வேகம் விநாடிக்கு 20 கோடி மீட்டர் என்று கொண்டால், போக 12.5, வர 12.5 மைக்ரோ விநாடி. இடையிலுள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்து 51.2 மைக்ரோ விநாடி என்று வகுத்தார்கள். 1 கோடி பிட் வேகத்தில் அந்நேரத்தில் செல்பவை 512 பிட்டுகள், அதாவது 64 பைட்டுகள். ஈதர்நெட் சட்டகம் 64 பைட்டுக்குக் குறையலாகாது என்னும் விதி இவ்வாறு பிறந்தது. இன்று சுவிட்ச் என்னும் கருவி ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனிவழி அமைத்துத் தருவதால் மோதல் நிகழ்வதில்லை. 2017-இல் விநாடிக்கு 40,000 கோடி பிட் வேகத்துக்கான தரவிதியும் வந்துவிட்டது. ஆயினும் 64 பைட் விதி நிற்கிறது.

சட்டகத்தின் அமைப்பு

நம் 12340 இப்போது ஈதர்நெட் சட்டகத்தில் ஏறுகிறது. முதலில் 8 பைட் முன்னோட்டம்: 1, 0, 1, 0 என்று மாறிமாறி வந்து, பெறுபவரின் கடிகாரத்தைத் தாளத்துக்குக் கொண்டுவந்து, இறுதியில் இரண்டு 1-களால் 'தொடங்குகிறது' என்று அறிவிக்கும். சீரியல் கம்பி எழுத்துதோறும் செய்ததை ஈதர்நெட் சட்டகத்துக்கு ஒருமுறை செய்கிறது. அடுத்துப் பெறுபவர் முகவரி 6 பைட், அனுப்புபவர் முகவரி 6 பைட், உள்ளே இருப்பது எவ்வகை என்று கூறும் 2 பைட். ஐ.பி. நான்காம் பதிப்புப் பொட்டலமானால் இவ்வகை எண் 2048. பின்னர் 46 முதல் 1500 பைட் வரை தரவு. கடைசியில் பழுது பார்க்கும் 4 பைட்.

ஐ.பி. தலைப்பு 20 பைட், கூடுதல் விருப்பப் பகுதிகள் இல்லாத டி.சி.பி. தலைப்பு 20 பைட், நம் எடை 5 பைட், ஆக 45. குறைந்த அளவு 46 என்பதால் வெற்றுப் பைட் ஒன்றைச் சேர்த்து நிரப்புகிறார்கள். ஐந்து பைட்டுச் செய்தி முன்னோட்டத்தோடு 72 பைட்டாகச் செல்கிறது. இது வீண் என்று தோன்றலாம். 1 கோடி பிட் வேகத்தில் இதற்கு ஆகும் நேரம் 57.6 மைக்ரோ விநாடி. முடிவுக்குறியோடு ஆறே எழுத்துகளை 9600 பாட் சீரியல் கம்பியில் அனுப்ப 6250 மைக்ரோ விநாடி ஆகிறது.

பழுது பார்க்கும் 4 பைட், வகுத்து மீதி காணும் முறையில் அமைந்தது. 12340-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1. எண்ணோடு மீதியையும் சேர்த்து அனுப்புகிறோம். வழியில் 10340 ஆகிவிட்டால் மீதி 8. 11340 ஆகிவிட்டால் மீதி 0. இரண்டும் பிடிபடும். ஆனால் இலக்கங்கள் இடம் மாறி 13240 ஆனால் மீதி மீண்டும் 1; பிடிபடாது. வகுக்கும் எண் சிறியதாக இருப்பதே காரணம். சி.ஆர்.சி.-32 என்னும் ஈதர்நெட் முறையில், இரும எண்களுக்கென அமைந்த வகுத்தலில், 33 பிட் நீளமுள்ள எண்ணால் வகுத்து 32 பிட் மீதியைச் சேர்க்கிறார்கள். 32 பிட்டுக்குள் அடங்கிய எந்தத் தொடர்பிழையும் இதற்குத் தப்பாது.

மீதி பொருந்தாவிட்டால் ஈதர்நெட் சட்டகத்தை அப்படியே எறிந்துவிடும். அனுப்பியவருக்குச் சொல்வதும் இல்லை. ஒப்புதல் வாராதது கண்டு மீண்டும் அனுப்புவது டி.சி.பி.-யின் வேலை. தவறான எடை வருவதைவிட எடை வாராமலிருப்பதே மேல். வாராததைக் கேட்டு வாங்கலாம்.

இரு முனைகளின் பொறுப்பு

இவ்விடத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீரியல் கம்பியிலேயே 12340 என்பது 11340 ஆகிவிட்டது. பாரிட்டி அதை விட்டுவிட்டது. எடையறைக் கணிப்பொறி 11340 என்பதை ஈதர்நெட்டில் ஏற்றுகிறது. சி.ஆர்.சி. சரி, டி.சி.பி. சரி, ஒரு பிட்டும் கெடாமல் தவறான எடை அலுவலகத்தைச் சேர்கிறது! வழியின் ஒவ்வொரு பகுதியும் தன் பகுதிக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது.

1984-இல் ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் என்னும் மூவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுவே: முழுமையான சரிபார்ப்பு, செய்தி பிறந்த இடத்துக்கும் அது பயன்படும் இடத்துக்கும் இடையே நடைபெற வேண்டும், இடைவழிக் காவல்கள் அதற்குத் துணைதான். நம் எடுத்துக்காட்டில், எடைக்கருவியே ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து அனுப்ப, அதனைக் கணக்கேறும் கணிப்பொறி சோதிக்க வேண்டும். அதற்கும் மேலாக, எடைமேடையின் வெளிப்பலகையில் தெரியும் எண்ணையும் கையில் கிடைக்கும் சீட்டிலுள்ள எண்ணையும் லாரியோடு வந்தவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை. பலகை தெரியும் இடத்தில் இருக்க வேண்டும், சீட்டு கைக்கு வரவேண்டும், அவ்வளவே. கருவி வந்துவிட்டது, இனிப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று சொல்வோருக்கு நம் அறிவியலே விடை கூறுகிறது.

நாமும் செய்து பார்க்கலாம்

சீரியல் இணைப்பு பழங்கதை ஆகிவிடவில்லை. எடைக்கருவிகள், ஜி.பி.எஸ். ஏற்பிகள், ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், சுவிட்சுகளின் சீரமைப்பு முனைகள் எனப் பலவிடத்தும் வாழ்கிறது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு கணிப்பொறிகளும் இரண்டு யு.எஸ்.பி. சீரியல் மாற்றிகளும் இருந்தால் போதும். ஒன்பது முனை இணைப்பியில் 2-ஆம் முனை பெறுவது, 3-ஆம் முனை அனுப்புவது, 5-ஆம் முனை பொதுத்தரை. ஒன்றன் 2-ஐ மற்றதன் 3-உடனும், 3-ஐ 2-உடனும், 5-ஐ 5-உடனும் இணைக்க வேண்டும். ஒரு முனையில் 9600, மறுமுனையில் 4800 என்று வேகத்தை வேண்டுமென்றே மாற்றிப் பாருங்கள்; உடன்பாடு தவறினால் செய்தி என்ன பாடுபடுகிறது என்பதைத் திரையே காட்டும். ஆர்டுயினோ போன்ற பலகைகள் 5 அல்லது 3.3 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றை ஆர்.எஸ்.-232 முனையில் நேரே இணைத்தால் கெட்டுவிடும். இடையில் மேக்ஸ்232 போன்ற மாற்றிச் சில்லு வேண்டும். ஈதர்நெட் சட்டகத்தின் முகவரிகளையும் வகை எண்ணையும் காண, வயர்ஷார்க் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

என் வீட்டில் எனக்கு முன் கல்லூரிப் படி ஏறியவர் எவருமில்லை. இக்கல்லூரியில் என்னைப்போன்றோர் பலர் உள்ளனர். கணிப்பொறிகளின் பேச்சு நமக்கு எட்டாத யாரோ சிலரின் மறைபொருள் என்ற அச்சம் நம்முள் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு இடமில்லை. இணையத்தின் விதிகளைக் கூறும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களில் முதலாவதை 1969 ஏப்ரல் 7-ஆம் நாள் வெளியிட்டவர் ஸ்டீவ் கிராக்கர். அப்போது அவர் 24 வயது மாணவர். அத்தொடரின் பெயரே 'கருத்துக் கோருகிறோம்' என்று பொருள்படுவது. அவை அன்றுபோல் இன்றும் யாவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. ஸ்லிப் பற்றிய ஆவணம் ஆறே பக்கம். இந்த விடுமுறையில் அதை எடுத்துப் படியுங்கள். புரியாத வரியை அடிக்கோடிட்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.